கொளுத்தாத கற்பூரம்

பச்சை. மறுபடியும் பச்சை.

சத்தியபாமா சூளையின் மூடியை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. இடுக்கால் எட்டிப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. உள்ளே இருந்த கிண்ணங்கள் எல்லாம் வாழைக்குருத்துப் பச்சையில் பளபளத்துக்கொண்டிருந்தன. வேறு யாராவது என்றால் அந்தப் பச்சையைப் பார்த்துச் சொக்கிப்போயிருப்பார்கள். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மூடியைப் படாரென்று சாத்தினாள்.

"அடிச்சாப்போலை சிவக்கப்போகுதோ அது?" என்றார் வரதராசா. கராஜ் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார் மனுசன். அவளுடைய புருஷன், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர், வாய் ஒரு நிமிசம் சும்மா இராது.

"இப்ப நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. எனக்கு நல்லா வரும் வாயிலை."

சங்கதி இதுதான். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நகரத்து அருங்காட்சியகம் ஒன்று ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. சுமார் நூறு வருசத்துக்கு முந்திய கலைக்குயவர்களின் சாமான்கள் அவர்களிடம் நிறையக் கிடந்தன. அந்தக் கூட்டமே ஒரு பைத்தியக்காரக் கூட்டம். தொழிற்சாலையை உதறிவிட்டுத் தனிப்பட்டறை போட்டார்கள், தாங்களே வனைந்தார்கள், தாங்களே பூச்சுக் கலந்தார்கள். பானையின்மேல் பூசிச் சுட்டால் கண்ணாடியாக உருகிப் படிகிற அந்தப் பூச்சை நோர்வேக்காரர் கிளசூர் என்பார்கள். சீனத்துப் பழைய சிவப்புக் கிளசூரைக் கண்டுவிட்டு ஐரோப்பா முழுக்க எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் சூளைக்கு முன்னால் தவங்கிடந்தார்கள். இன்றைய குயவர்கள் ஆளுக்கு ஒரு பழைய பாத்திரத்தைத் தெரிந்தெடுத்து, அதற்குப் பதில் சொல்வதுபோலப் புதிதாக ஒன்று செய்து வைக்கவேண்டும். இதுதான் கண்காட்சி.

சத்தியபாமா ஒரு சிவப்புக் கிண்ணத்தைத் தெரிந்தெடுத்தாள். விளிம்பில் நூல் போல வெள்ளை, கீழே இறங்க இறங்கச் சிவந்து, அடியில் மாதுளம் முத்தின் நிறம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதைக் கண்ட நாளில் அவளுக்கு ஊண் உறக்கம் போய்விட்டது.

கண்காட்சியை அமைக்கிறவள் ராக்ன்ஹில்ட் என்ற நோர்வேக்காரி. உயரமானவள், தங்கமான மனசு. அந்தத் தங்கமான மனசுதான் தொல்லை. "சிவப்புக் கிண்ணம் எதற்கு? கிறிஸ்மஸ் சந்தையில் வைத்தாயே, கோலம் போட்ட மண் விளக்குகள், எவ்வளவு அழகு! உன் நாட்டிலிருந்து ஒன்று இருந்தால் எங்களுக்கும் பெருமை" என்றாள்.

என் நாடாம்! நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் வெட்டின கையோடு மாலை வகுப்புக்குப் போய்த்தான் சத்தியபாமா முதன்முதலில் களிமண்ணைத் தொட்டாள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, தன்னைவிடப் பாதி வயசுப் பிள்ளைகளோடு கலைக்கல்லூரியில் இருந்து படித்தாள். விளக்கை அவள் செய்தது ஒரே காரணத்துக்காகத்தான், அது விற்கும்.

"சிவப்புத்தான் செய்வேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"உன்னிடம் இருப்பது மின்சூளை அல்லவா?" என்று ராக்ன்ஹில்ட் மெதுவாகக் கேட்டாள்.

கேட்டதில் பிழையில்லை. செம்புக்கு ஒரு குணம் உண்டு. சூளைக்குள் தாராளமாகக் காற்று இருந்தால் அது பச்சையாகும். காற்றை இல்லாமல் பண்ணினால் சிவக்கும். விறகுச் சூளை, வாயுச் சூளை என்றால் புகைவழியை அடைத்துவிட்டால் போதும், நெருப்பே உள்ளே உள்ள காற்றைத் தின்று தீர்த்துவிடும். மின்சூளையில் நெருப்பு ஏது? கம்பி பழுக்கும், காற்று அப்படியே கிடக்கும், செம்பு பச்சையாகவே சிரிக்கும்.

"சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று ராக்ன்ஹில்ட் முடித்தாள். "சிவப்பு இருந்தால் சிவப்பை வைப்போம். இல்லாவிட்டால் விளக்குகள்."

விளக்குகள் என்றால் என்ன அர்த்தம் என்று சத்தியபாமாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூடத்தில் மற்ற எல்லோரும் குயவர்களாக இருப்பார்கள். அவள் மட்டும் எங்கிருந்தோ வந்த பெண்ணாக இருப்பாள். அவளுடைய பூச்சை ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள், சேலையைத்தான் பார்ப்பார்கள். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

காற்றைத் தின்ன எதையாவது சூளைக்குள் போடவேண்டும். பேர்ச் மரக்குச்சி போட்டுப் பார்த்தாள். சாம்பல் பறந்து கிண்ணமெல்லாம் சொறி பிடித்ததுபோல ஆகிவிட்டது. சீனி போட்டாள். கன்னங்கரேலென்று கட்டிபட்டுத் தட்டில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். இனி என்ன, விளக்குத்தான் என்று மனம் விட்டுப்போன நிலையில், செவ்வாய்க்கிழமை வரதராசாவோடு கோயிலுக்குப் போனாள்.

பூசை முடிந்து ஐயர் கற்பூரத் தட்டோடு வந்தார். எல்லோரும் சுடரில் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சத்தியபாமாவின் முறை வந்தது. கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தட்டின் நடுவில் கரி. நல்ல மை போன்ற கரி. சாம்பல் மருந்துக்கும் இல்லை. எத்தனை வருசமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்ட சுடர்! அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் பார்க்கிறாள். காற்றுப் போதாமல் தவிக்கிற நெருப்பு அல்லவா இப்படிக் கரி கக்கும்? அவ்வளவு பசி உள்ள சாமான், எரிந்தபின் ஒரு துளி சாம்பலும் விடாத சாமான், இத்தனை நாளும் மூக்குக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது!

"ஒற்றுங்கோ அம்மா, பின்னுக்கு ஆக்கள் நிக்கினம்" என்றார் ஐயர்.

"ஐயா, இது எந்தக் கடைக் கற்பூரம்?"

ஐயர் திகைத்துப்போனார். பதிலுக்குக் காத்திராமல் அவள் செருப்பு மாட்டினாளோ இல்லையோ, உருகின பனிச்சேற்றில் சளப் சளப்பென்று மிதித்துக்கொண்டு காருக்கு ஓடினாள். பின்னால் வரதராசா, "விபூதி வாங்கேல்லை! பாமா, விபூதி!" என்று கத்திக்கொண்டு வந்தார். நேரே ஒஸ்லோவின் குரொன்லாண்ட் பகுதியில் உள்ள தமிழ்க் கடைக்குப் போய், இருந்த கற்பூரம் அத்தனையையும் அள்ளிக் கூடையில் போட்டாள். கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன அக்கா, வீட்டிலை கும்பாபிசேகமோ?"

"அதுக்கும் மேலை தம்பி!"

வியாழக்கிழமை வரதராசாவுக்கு வக்த் இல்லை. பஸ்காரர்கள் வேலை முறையை அப்படித்தான் சொல்வார்கள். சூளையைக் காலையிலேயே போட்டாகிவிட்டது. பூச்சு உருகும் உச்சச் சூட்டைத் தொட்டு, மத்தியானத்துக்குப் பிறகு மெல்ல ஆறத் தொடங்கியது. இந்த ஆறுகிற நேரம்தான் நேரம். சூடு தொளாயிரத்திலிருந்து எண்ணூறுக்கு இறங்குவதற்குள் காற்றைத் தின்னவைத்துவிடவேண்டும். அதற்குக் கீழே போனால் பூச்சு இறுகிவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் செம்பு நிறம் மாறாது.

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு சூட்டுமானியைப் பார்த்தபடி நின்றாள் சத்தியபாமா. சூளையின் மேல் ஓட்டைக்குப் பக்கத்தில் கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வரதராசா தயாராக நின்றார். கையில் நீளப் பிடி வைத்த இரும்புக் கரண்டி.

"நான் சொல்லேக்கை ஒவ்வொண்டாய்ப் போடவேணும். போட்டிட்டு ஓட்டையை உடனை மூடிப்போடுங்கோ."

"விளங்குது விளங்குது. ஒஸ்லோ ரோட்டிலை பஸ் ஓட்டுறவனுக்கு இதென்ன பெரிய வேலையே?"

தொளாயிரம் வந்தது. "போடுங்கோ!" என்று அவள் சொல்லவும் உள்ளே குசினியில் தொலைபேசி அலறவும் சரியாக இருந்தது. ராக்ன்ஹில்டாக இருந்தால்? ஒரே ஓட்டமாக ஓடி எடுத்தாள். ராக்ன்ஹில்டேதான். சனிக்கிழமை வரமுடியாதாம், நாளைக்கே வரப்போகிறாளாம், பரவாயில்லையா என்றாள். பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லி வைப்பதற்குள், அந்தப் புண்ணியவதி வீட்டாரின் சுகம், வானிலை, வரும் வழியில் நடக்கிற வீதி வேலை எல்லாவற்றையும் விசாரித்து முடித்தாள்.

திரும்பி வந்தபோது வரதராசா பெரிய காரியம் சாதித்த முகத்தோடு நின்றார். கற்பூரப் பெட்டிகள் எல்லாம் காலி. கராஜ் முழுக்கக் கோயில் வாசம்.

"எல்லாம் போட்டாச்சு" என்றார்.

சத்தியபாமாவின் கண் சூளையின் மேல் போயிற்று. ஓட்டையைச் சுற்றி ஒரு கரியும் இல்லை. பிறகு தரையில் கிடந்த சாமானைக் கண்டாள்.

"நெருப்புப் பெட்டி ஏன் இஞ்சை கிடக்குது?"

"ஏனோ? கற்பூரம் கொளுத்தத்தான்."

"கொளுத்தினீங்களா?"

"பின்னை? கற்பூரத்தைக் கொளுத்தாமல் என்னெண்டு போடுறது?" மனுசனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "கரண்டியிலை வைச்சு, கொளுத்தி, சூளைக்கு மூண்டு தரம் சுத்திக் காட்டி, கும்பிட்டுட்டுத்தான் ஒவ்வொண்டாய்ப் போட்டனான். ஒண்டும் குறை விடேல்லை."

புதுப் பஸ் கையில் கிடைத்த அன்றைக்கு மேலதிகாரி பார்த்துக்கொண்டு நிற்கவே அதற்குக் கற்பூரம் காட்டிய மனுசன் அவர். உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கும் காட்டியவர். அந்தக் கை கற்பூரத்தை எடுத்தால் தீப்பெட்டியைத் தேடாமல் இருக்குமா? இதை அவள் முதலே யோசித்திருக்கவேண்டும். சூளைக்குள் எரியவேண்டியது முழுக்கக் கரண்டியிலேயே, வெளிக் காற்றில், ஆனந்தமாக எரிந்து தீர்ந்துவிட்டது. உள்ளே போனது வெறுங் கரண்டிதான்.

கம்பியை எடுத்து, ஓட்டைக்குக் கிட்ட உள்ளே அதே பூச்சுப் பூசி வைத்திருந்த மண் வளையம் ஒன்றைக் கொளுவி இழுத்தாள். பழைய குயவர்களும் இப்படித்தான் நடுவில் ஒரு வளையத்தை எடுத்துப் பார்ப்பார்கள். செக்கச்செவேலென்று பழுத்திருந்த வளையத்தைத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். சொய்யென்றது. எடுத்துப் பார்த்தாள். பச்சை.

"ஐயோ, என்ரை வயித்தெரிச்சலைக் கொட்டிக்கொள்ளுறீங்களே!" என்று வெடித்தாள். "சாமான் காற்றைத் தின்னவேணும் எண்டு நேற்றிலையிருந்து தொண்டை கிழியச் சொன்னனான். இதென்ன சாமிப்படமே சுத்திக் காட்ட? நாளைக்கு அவள் வாறாள், நாளைக்கு!"

வரதராசாவின் முகம் செத்துப்போயிற்று. சூட்டுமானி எண்ணூற்று அறுபதைக் காட்டியது. கடைக்குப் போய்வர நேரமில்லை. அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். அடுத்த வரிசை வீட்டு யோசேப்பைக் கூப்பிட்டார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், நெடுநாள் சிநேகிதர்.

"யோசேப்பு, வீட்டிலை கற்பூரம் இருக்கோ? ... ஓ, நீர் வேதக்காரன், மறந்துபோனன் ... என்னது? மெழுகுதிரியோ? பெட்டி பெட்டியாய்க் கிடக்கோ? சீ, மெழுகுதிரி எங்களுக்கு என்னத்துக்கு..."

சத்தியபாமா ஒரே பாய்ச்சலில் தொலைபேசியைப் பறித்தாள். மெழுகு! அதுவும் அப்படித்தானே எரியும், கரி கக்கும், சாம்பல் விடாது!

"அண்ணை, இருக்கிறதெல்லாத்தையும் கொண்டு ஓடியாங்கோ! இப்பவே! சப்பாத்துப் போட்டு மினைக்கெடாதேங்கோ!"

யோசேப்பு சொன்ன சொல் தட்டாமல் வீட்டுச் செருப்போடு, பனிக்காலத்தில் வழுக்காமலிருக்க வீதியில் போட்ட சரளைக் கல்லில் வழுக்கி வழுக்கி, மார்போடு ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். மாதா திருநாளுக்கென்று மலிவு விற்பனையில் வாங்கிக் குவித்ததில் மிச்சமாம். என்ன ஏது என்று அவர் கேட்கவுமில்லை, சொல்லவும் ஒருத்தருக்கும் நேரமில்லை. கையில் திணித்த கறிக்கத்தியால் மெழுகுதிரிகளை முருங்கைக்காய் வெட்டுகிற மாதிரித் துண்டு துண்டாக வெட்டித்தள்ளினார். எண்ணூற்று நாற்பது.

"தாங்கோ கரண்டியை" என்று சத்தியபாமா முதல் துண்டைத் தானே போட்டாள்.

பக்கென்றது. ஓட்டையால் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் சுவாலை பாய்ந்தது. நுனியில் கறுத்த புகை. யோசேப்பு "யேசுவே!" என்று இரண்டடி பின்னுக்குப் போனார். வரதராசாவின் இரண்டு கையும் தன்பாட்டில் கன்னத்துக்குப் போயின.

"கும்பிடவேண்டாம்!" என்று சத்தியபாமா கத்தினாள். "ஒருத்தரும் ஒண்டும் கும்பிடாதேங்கோ! வெட்டுங்கோ, தாங்கோ, மூடுங்கோ!"

சிலுவை போட எடுத்த கையை யோசேப்பு சட்டென்று கீழே விட்டுக் கத்தியை எடுத்தார். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. வெட்டு, போடு, மூடு. சுவாலை அடங்க, மறுபடி வெட்டு, போடு, மூடு. ஓட்டையைச் சுற்றிக் கரி படர்ந்தது. கண் எரிந்தது, முகமெல்லாம் வியர்வை வழிந்தது. ஆனால் சத்தியபாமாவுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் கிளம்பிவிட்டது. நூறு வருசத்துக்கு முந்தி எவனோ ஒருவன் இப்படித்தானே புகை குடித்து, பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கி, கண்டதையும் கடியதையும் சூளைக்குள் எறிந்து பார்த்திருப்பான்! சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போட்டாள்.

எண்ணூறு. "நிப்பாட்டுங்கோ" என்றாள்.

இரண்டாவது வளையத்தைக் கொளுவி இழுத்தாள். வாளிக்குள் போட்டாள். சொய்யென்றது. ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. கடைசியில் அவள்தான் கையை விட்டு எடுத்தாள்.

சிவப்பு.

சந்தேகத்துக்கிடமான சிவப்பில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற சிவப்பில்லை. சுத்தச் சிவப்பு. அறுத்த மாதுளம்பழம்.

"அடி சக்கை!" என்று வரதராசா துள்ளினார். யோசேப்பு அவரைக் கட்டிப்பிடித்தார், எதற்கென்று இன்னமும் அவருக்குத் தெரியாது. சத்தியபாமா ஈரக் கையோடு வளையத்தை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் கராஜுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மறுநாள் பின்னேரம் ராக்ன்ஹில்ட் வந்து நிற்கும்போதே மூடியைத் திறந்தார்கள். கிண்ணங்கள் எல்லாம் சிவந்திருந்தன. விளிம்பில் நூல் போல வெள்ளை. ஒன்றின் அடியில் பூச்சு வழிந்து தடித்து ஊதா ஓடியிருந்தது. ராக்ன்ஹில்ட் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மின்சூளையிலா? எப்படி? எப்படிச் செய்தாய்?"

சத்தியபாமா வாயைத் திறப்பதற்குள் வரதராசா முந்திக்கொண்டார். நோர்வே மொழியில் அவருக்கு இலக்கணம் கொஞ்சம் அப்படி இப்படி, ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் ஒருத்தரும் நிறுத்தமுடியாது. கோயில், ஐயர், தட்டு, சாமிக்குக் காட்டுகிற கற்பூரம், மூன்று முறை சுற்றியது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி அவிழ்த்துவிட்டார். முந்தினநாள் குற்றத்துக்குப் பரிகாரமாகப் பெண்டாட்டிக்குப் பெருமை தேடிக்கொடுக்கிற எண்ணம் பாவிக்கு.

ராக்ன்ஹில்டின் கண்கள் விரிந்தன. "புனித நெருப்பு!" என்றாள். "இதை வாசலிலேயே எழுதிவிடலாம். சத்தியபாமா, திறப்பு நாளில் நீ சேலை கட்டிக்கொண்டு வந்து, கிண்ணங்களுக்கு முன்னால் அந்தக் கற்பூரத்தை ஏற்றினால் எப்படியிருக்கும்! பக்கத்தில் உன் விளக்குகளையும் வைக்கலாம்."

சத்தியபாமாவுக்குச் சப்பென்று போய்விட்டது. விளக்கிலிருந்து தப்பி ஓடி வந்து கற்பூரத்தில் அல்லவா மாட்டிக்கொண்டாள்! கையில் சிவப்பு இருக்கிறது, ஆனால் அந்த மனுசி அதைப் பார்க்கவில்லை. கதையைத்தான் பார்க்கிறாள். விட்டால் இந்தக் கிண்ணமும் சேலை கட்டிக்கொண்டுதான் அந்தக் கூடத்துக்குள் போகும்.

மேசையில் கிடந்த இரண்டு வளையங்களையும் எடுத்து ராக்ன்ஹில்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இவர் சொன்னதெல்லாம் உண்மை" என்றாள். "கும்பிட்டுப் போட்டார். ஆனால் கும்பிட்ட கற்பூரம் ஒன்றும் உள்ளே போகவில்லை. வெளியிலேயே எரிந்து முடிந்தது. அதற்குப் பிறகு எடுத்த வளையம் இது, பச்சை. பிறகு மலிவு விற்பனை மெழுகுதிரியைக் கறிக்கத்தியால் வெட்டி, ஒருத்தரையும் கும்பிடவிடாமல் போட்டோம். இது அதற்குப் பிறகு எடுத்தது."

ராக்ன்ஹில்ட் கையைப் பார்த்தாள். பச்சை, சிவப்பு. வரதராசாவைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓம், அதுவும் உண்மைதான். நான் கொளுத்தினதாலைதான் எல்லாம் பிழைச்சது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். மனுசிக்கு ஒரு சொல் விளங்கியிராது, ஆனால் அந்த முழி எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கும். ராக்ன்ஹில்ட் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்து முடித்தவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஊதா ஓடிய கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கராஜ் வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினாள். உள்ளே பார்த்தாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். விரல் நுனியால் வெள்ளை விளிம்பைத் தடவி, பூச்சு தடித்து நின்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இந்தப் பூச்சில் வெள்ளீயம் எவ்வளவு சேர்த்தாய்?" என்று கேட்டாள் ராக்ன்ஹில்ட், கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

சத்தியபாமாவுக்கு அப்போது பேச்சு வந்தது பாருங்கள்! வெள்ளீயத்தில் தொடங்கினாள், செம்புக்குப் போனாள், பூச்சின் தடிப்புக்குப் போனாள், சொறி பிடித்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள், சீனி போட்ட கதையைச் சொன்னாள். ராக்ன்ஹில்ட் குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டேயிருந்தாள். கோப்பி கொண்டுவந்து வைத்த வரதராசாவை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.